சேற்றில் ஒரு குட்டிக் கை

பனி உருகி வளவெல்லாம் சேறாகிக் கிடந்த ஒரு காலை. குப்பைத் தொட்டி சரிந்து கிடந்தது. சின்னவள் (ஏழு வயது) கராஜ் பக்கமிருந்து ஓடி வந்தாள். "அப்பா, ராத்திரி இங்க ஒரு குட்டிப் பாப்பா வந்திருக்கு!"

போய்ப் பார்த்தேன். சேற்றில் ஐந்து விரல்களோடு குழந்தையின் கை மாதிரியே ஓர் அடையாளம். ரக்கூன்! விரல் நுனிகளுக்கு முன்னால் இருந்த நகப் புள்ளிகளைக் காட்டிய பிறகுதான் நம்பினாள். முன்காற் சுவடும் மறுபக்கப் பின்காற் சுவடும் சோடி சோடியாக வேலி வரைக்கும் போயின. அவளும் பின்னாலே போனாள். அன்றைக்கு ஐபாட் கேட்கவில்லை.

நான் இருப்பது நியூ ஜேர்சி. நெடுஞ்சாலையும் மோலும்தான் இந்த மாநிலம் என்று நினைப்பவர்கள் எங்களில் நிறையப் பேர். ஆனால் தெற்கே பைன் பேரன்ஸ் என்ற மணற்காடு பத்து லட்சம் ஏக்கருக்கு மேல் விரிந்து கிடக்கிறது. மணல் என்றால் சுவடு நன்றாக விழும். அந்தக் காட்டில் வளர்ந்த டொம் பிறவுண் ஜூனியர் 1978இல் தடம் பார்க்கக் கற்பிக்கவென்றே ஒரு பள்ளி தொடங்கினார். அவரிடம் சின்ன வயதிலேயே படித்த ஜோன் யங், 1983இல் பிள்ளைகளுக்கு இயற்கையைக் கற்பிக்கும் இன்னொரு பள்ளியைத் தொடங்கினார். இத்தனை வருடம் இங்கே இருந்தும் இதெல்லாம் எனக்குத் தெரிந்தது அந்த ரக்கூனுக்குப் பிறகுதான்.

ஒரு பிறந்தநாள் விழாவில் இதைப் பற்றிச் சொன்னேன். "அண்ணை, இது எந்தச் சோதினைக்கு வரும்?" என்று ஒருவர் கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் பதில் வந்தது (எனக்கு எப்பவும் இப்படித்தான்).

முயலின் சுவட்டை எடுங்கள். பனியில் நாலு அடையாளம்: முன்னுக்கு இரண்டு பெரிசு, பின்னுக்கு இரண்டு சின்னன். முன்னுக்கு இருப்பவை முன்னங்கால்கள் என்றுதான் எந்தப் பிள்ளையும் சொல்லும். இல்லை. முயல் பாயும்போது பின்னங்கால்கள் முன்னங்கால்களைத் தாண்டி விழும். அணிலும் அப்படித்தான் பாயும், ஆனால் அதன் முன்னங்கால்கள் பக்கத்தில் பக்கத்தில் விழும். முயலுக்கு ஒன்றுக்குப் பின் ஒன்றாக. நாய்க்கும் நரிக்கும் நகம் பதியும். பூனை நகத்தை உள்ளே இழுத்துக்கொண்டு நடப்பதால் பெரும்பாலும் பதியாது. முதலில் தோன்றுவது பிழையாக இருக்கலாம், திரும்பக் குனிந்து பார் என்று பிள்ளைக்கு இதைவிட நன்றாகச் சொல்லித்தரும் பாடம் எது? ஆயிரம் டொலர் கட்டி அனுப்பும் கணக்கு வகுப்புகளில் சரியான விடையைச் சொல்லிக் கொடுக்கிறார்கள். சந்தேகப்படச் சொல்லிக் கொடுப்பதை நான் காணவில்லை.

இதைக் "காட்டுச்சனத்தின் வேலை" என்று நினைக்கும் புத்தியும் எங்களிடம் உண்டு. 2017இல் புளோரிடாவில் பர்மிய மலைப்பாம்புகள் பெருகி மற்ற விலங்குகளைத் தின்று தீர்த்தபோது, அந்த மாநிலம் தமிழ்நாட்டிலிருந்து இரண்டு இருளர்களை அழைத்தது. மாசி சடையன், வடிவேல் கோபால். முதல் இரண்டு கிழமைக்குள்ளேயே 13 பாம்புகளைப் பிடித்துக் கொடுத்தார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. இருளர்கள் தகப்பன் பின்னாலும் தாய் பின்னாலும் நடந்து, நிலத்தைப் பார்த்துப் பார்த்தே பழகியவர்கள்.

எனக்கும் ஒருவர் பழக்கினார். 1995 இடப்பெயர்வுக்குப் பிறகு வன்னியில் குடில் போட்டிருந்தோம். எனக்குப் பத்து வயது. காணிக்காரக் கிழவர் யானையின் முன்காற் சுவட்டைச் சுற்றிக் கயிறு பிடித்து, அதை இரட்டித்து நிமிர்த்திக் காட்டுவார். "இவ்வளவுதான் தம்பி, அதின்ர தோள் உயரம்." கிட்டத்தட்டச் சரியாக வரும் என்று பிறகு புத்தகத்திலும் படித்தேன். மரைக்கும் மானுக்கும் குளம்பில் வித்தியாசம் காட்டியவரும் அவர்தான்.

அதே வயதில் இன்னொரு தடப் பாடமும் படித்தேன். மிதிவெடி இருக்கலாம் என்ற பாதைகளில், "முன்னால போறவையின்ர காலடியில மட்டும் கால வை" என்று அம்மா சொல்லிக்கொண்டே வருவா. அந்தப் பாடத்தைத்தான் நான் நன்றாகப் படித்தேன். இன்றைக்கும் புல்வெளியில் என் கால் தானாக மற்றவர் மிதித்த இடத்தைத் தேடும். என் மகள் சுவட்டுக்குப் பின்னால் சும்மா ஆசைக்காக ஓடினாள். அந்தக் காலையை நான் மறக்காததற்குக் காரணம் இதுதான்.

உண்ணிக்குப் பயப்படுகிறீர்களா? நியாயம். இங்கே லைம் நோய் உண்டு. நீளக் காற்சட்டை போட்டு, வந்ததும் உடம்பைப் பாருங்கள். அல்லது பனி விழுந்த அடுத்த நாள் காலை போங்கள். குளிரில் உண்ணித் தொல்லையும் குறைவு, சுவடும் தெளிவு. பக்கத்தில் ஒரு அடிமட்டம் வைத்துப் படம் எடுங்கள். சேறென்றால் பிளாஸ்டர் ஒஃப் பாரிஸ் கரைத்து ஊற்றி அரை மணித்தியாலம் விடுங்கள், அச்சு வரும். பெரிய காட்டுக்குப் போகவேண்டியதில்லை. குப்பைத் தொட்டிக்குப் பக்கம் போதும்.

எங்கள் வீட்டு மேசையில் இப்போது ஒரு ரக்கூன் கை இருக்கிறது. சின்னவள் அதன் மேல் தன் கையை வைத்து அளந்து பார்க்கிறாள்.