கள்ளுக்கடையில் ஒரு மதியச் சாப்பாடு

போன மாதம் குடும்பத்தோடு கள்ளுக்கடைக்குப் போனேன்.

பதறாதீர்கள். எனக்கும் சரி, என் மனைவிக்கும் சரி, குடிக்கிற பழக்கம் கிடையாது. ஆலப்புழை பக்கம், குட்டநாட்டில் வாய்க்கால் ஓரமாக இருக்கும் ஒரு கடை. போனது சாப்பிட!

வாசலில் ‘கள்ளு’ என்று மலையாளத்தில் கொட்டை எழுத்துப் பலகை. உள்ளே குடும்பங்களுக்குத் தனித் தடுப்பு. வேகவைத்த மரவள்ளிக்கிழங்கு வந்தது. அதன் மேல் ஊற்றிக்கொள்ள, குடம்புளி போட்டுக் கொதித்த செக்கச்செவேல் மீன் குழம்பு. நாக்கில் பட்டதும் கண்ணில் தண்ணீர். வாழை இலையில் சுட்ட கரிமீன், வேம்பநாட்டுக் காயல் கக்கா, அறுவடை முடிந்த வயல்களில் மேய்ந்து வளர்கிற வாத்து. எல்லாமே சுற்றுவட்டாரச் சரக்கு. கூடவே, கள் ஊற்றிப் புளிக்கவைத்த கள்ளப்பம். (ஆப்ப மாவில் கொஞ்சம் கள் விடுகிற வித்தை நம் பாட்டிகளுக்கும் தெரிந்ததுதான். இப்போது ஈஸ்ட், சோடா உப்பு!)

பக்கத்துத் தடுப்பில் நாலு பேர் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஆனால், உட்கார்ந்து, சாப்பிட்டுக்கொண்டு, பேசிக்கொண்டு. என் மகளை யாரும் முறைக்கவில்லை. இதே மகளை நம் ஊர் பார் இருக்கும் தெரு வழியாக நான் நடத்திக் கூட்டிக்கொண்டு போவேனா? நீங்கள் போவீர்களா?

ஒரு வேடிக்கை. கேரளத்தின் பல மாவட்டக் கடைகளுக்குக் கள் போவது பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் பகுதியிலிருந்து. அதாவது, நம் பொள்ளாச்சிக்குப் பக்கத்திலிருந்து! எல்லைக்கு அந்தப் பக்கம் அதே தென்னையில் இறக்கினால் லைசென்ஸ். இந்தப் பக்கம் இறக்கினால் கேஸ்.

தமிழ்நாட்டில் 1987 ஜனவரி 1 முதல் கள்ளுக்குத் தடை. 2003 நவம்பரில் சில்லறை மது வியாபாரத்தை டாஸ்மாக் மூலம் அரசே எடுத்துக்கொண்டது. 42.8 சதவிகித ஆல்கஹால் உள்ள பிராந்தியை அரசாங்கம் விற்கலாம். அதில் எட்டில் ஒரு பங்கு போதைகூட இருக்குமோ இருக்காதோ, அந்தக் கள்ளைப் பனையேறி விற்கக் கூடாது. மாநில மரம் மட்டும் பனை!

கேட்டால், “கள்ளில் கலப்படம் செய்வார்கள் சார்” என்கிறார்கள். உண்மைதான். 2010-ல் மலப்புரத்தில் விஷக் கள் குடித்து 20 பேருக்கு மேல் செத்தார்கள். நான் மறைக்கவில்லை. கேரளம் சொர்க்கமும் இல்லை, அங்கேயும் அரசு மதுக்கடை வாசலில் க்யூ நிற்கிறது. ஆனால் 2023-ல் மரக்காணம், 2024-ல் கள்ளக்குறிச்சி... கள்ளுக்குத் தடை இருக்கும்போதே நம் ஊரில் மெத்தனால் குடித்துச் செத்தார்களே, கள்ளக்குறிச்சியில் மட்டும் 60 பேருக்கு மேல்? கலப்படத்தைப் பிடிக்க வேண்டியது இன்ஸ்பெக்டர். தண்டனை மட்டும் பனைமரத்துக்கா?

“அப்போ குடிக்கச் சொல்றீங்களா?” என்று இந்நேரம் ஒரு வாசகி பேனாவை எடுத்திருப்பார். இல்லை அம்மா. தாலி பறிபோகிற வீடுகளை நானும் பார்த்திருக்கிறேன். பூரண மதுவிலக்கு என்று நாளைக்கே சொன்னால் முதல் கைதட்டல் என்னுடையது. ஆனால் எந்த அரசும் அதைச் செய்யப் போவதில்லை என்றால், வெறும் வயிற்றில் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு கட்டிங்கைக் கவிழ்த்துவிட்டு ரோட்டில் விழுகிறவனுக்கு ஒரு நாற்காலி, ஒரு இலை, நாலு துண்டு மீன் கொடுக்கிற கடை எவ்வளவோ மேல். அந்த மீன்காரிக்கும் கிழங்கு விவசாயிக்கும் வாத்துக்காரனுக்கும் காசு போகிறது. நம் பாரில் போகிற காசு யாருக்கு?

தடையை எடுங்கள். எடுக்கும்போது ஒரு நிபந்தனை போடுங்கள்: சமையல்கட்டு இல்லாத கடைக்கு லைசென்ஸ் கிடையாது. அரிசியும் மீனும் கோழியும் அந்த வட்டாரத்தில் வாங்கியதாக இருக்க வேண்டும். மரம் ஏறுகிறவர் பெயர் போர்டில் இருக்க வேண்டும். பெண்கள் வந்து உட்கார்ந்து சாப்பிட முடியாத கடையை மறுநாளே மூடிவிடலாம்.

எங்கள் பில்லில் கள் இல்லை. வாத்து மட்டும் இரண்டு தடவை இருந்தது.