கயிற்றை இழுத்தால் யார் ஓடி வருகிறார்?

கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட் நகரில் ஜெனரல் மோட்டார்ஸ் நடத்திவந்த கார் ஆலை 1982-இல் மூடப்பட்டது. அந்த நிறுவனத்தின் ஆலைகளிலேயே மோசமானது என்று பெயரெடுத்திருந்த ஆலை அது. தொழிலாளர்களில் ஐந்தில் ஒருவர் வேலைக்கு வராத நிலை. வந்தவர்களிலும் சிலர் வேலையிடத்திலேயே குடித்தார்கள். 1984-இல் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டாக ‘நம்மி’ என்ற பெயரில் அந்த ஆலையை மறுபடி திறந்தன. வேலைக்கு எடுக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் அதே பழைய ஆட்கள். யூனியனும் அதேதான். சில ஆண்டுகளுக்குள் வேலைக்கு வராதோர் விகிதம் 2 சதவீத அளவுக்கு இறங்கியது. ஜெனரல் மோட்டார்ஸின் ஆலைகளில் மிகச் சிறந்த தரத்தோடு கார்கள் வெளிவந்தன.

மாறியது நிர்வாகம். மேலே இருப்பவரின் வேலை என்ன என்ற கேள்விக்கு அங்கே புதிய பதில் கிடைத்தது.

பழைய ஆலையில் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது: எது நடந்தாலும் கார்கள் நகரும் அசெம்பிளி லைன் நிற்கக் கூடாது. பாகம் மாறிப் பொருத்தப்பட்டாலும் கார் நகர்ந்துகொண்டே போகும். பிறகு வெளியே நிறுத்தி, ஓவர்டைம் கொடுத்துப் பிரித்துச் சரிசெய்வார்கள். நம்மியில் தொழிலாளர் கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு கயிறு ஓடியது. போல்ட் சரியாக ஏறவில்லையா, இழுக்கலாம். இழுத்ததும் பலகையில் விளக்கு எரியும், இசை ஒலிக்கும், டீம் லீடர் ஓடி வந்து கூடச் சேர்ந்து வேலை பார்ப்பார். கார் அந்த இடத்தைத் தாண்டுவதற்குள் சரியானால் லைன் ஓடும், இல்லையென்றால் நிற்கும். இழுத்தவருக்கு ஏச்சு கிடையாது.

இப்படிக் கீழே இருப்பவருக்கு உதவுவதே மேலே இருப்பவரின் முதல் வேலை என்பதுதான் சேவைத் தலைமை. ராபர்ட் கிரீன்லீஃப் 1970-இல் எழுதிய கட்டுரையில் முன்வைத்த இந்தக் கருத்தைப் பலர் அதிகாரியின் நல்ல குணமாகவே புரிந்துகொள்கிறார்கள். அது போதாது. இதில் கறாரான லாபக் கணக்கும் இருக்கிறது. பிழை பிறந்த இடத்திலேயே பிடிபட்டால் நஷ்டம் ஒரு நிமிடம். வெளியே போனபின் பிடிபட்டால் பல மணி நேரம். பிழையை முதலில் பார்ப்பவர் ஸ்பேனர் பிடித்தவர். சொன்னால் உதவி வருமா, திட்டு வருமா என்பதைப் பொறுத்தே அவர் வாய் திறப்பார்.

உதவி வரும் என்ற நம்பிக்கைக்கு நிர்வாகம் விலையும் கொடுத்தது. எண்பதுகளின் பிற்பகுதியில் விற்பனை சரிந்து ஆலையின் திறனில் பெரும்பகுதி சும்மா கிடந்தபோதும் ஆட்குறைப்பு செய்யவில்லை. உபரி ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள்.

இதைப் பார்த்து ஜெனரல் மோட்டார்ஸ் தன் வான் நைஸ் ஆலையிலும் கயிறு கட்டியது. ஆனால் சூப்பர்வைசர்களைக் கார்களின் எண்ணிக்கையை வைத்தே எடைபோடும் பழக்கம் போகவில்லை. லைன் நின்றால் அவர்களுக்குத்தான் கெட்ட பெயர். கயிற்றை இழுக்கும் துணிச்சல் யாருக்கு வரும்? 1992-இல் அந்த ஆலை மூடப்பட்டது.

நம்மியும் 2010-இல் மூடப்பட்டது உண்மை. முந்தைய ஆண்டு திவாலான ஜெனரல் மோட்டார்ஸ் கூட்டிலிருந்து விலகியது. டொயோட்டா தனியாக நடத்த முன்வரவில்லை. ஆலைக்குள் இருக்கும் நல்ல தலைமையால் தலைமையகத்தின் முடிவைத் தடுக்க முடியாது. ஆனாலும் 25 ஆண்டுகள் ஓடியது, ஒருமுறை கைவிடப்பட்ட ஆலை.

நம் நிறுவனங்களை நடத்துவோர் சேவைத் தலைமை பற்றிப் பயிற்சி வகுப்பு வைக்கும் முன் ஒரு காரியம் செய்யட்டும். சூப்பர்வைசரின் ஆண்டு மதிப்பீட்டுப் படிவத்தை எடுத்து, கீழே இருப்பவரின் எத்தனை சிக்கல்களை அவர் தீர்த்துவைத்தார் என்று கேட்கும் வரி அதில் இருக்கிறதா என்று பார்க்கட்டும். இல்லையென்றால் முதலில் அதைச் சேர்க்கட்டும்.