விட்டதைப் பிடிக்க ஓட வேண்டாம்!

"விட்டதைப் பிடித்தவுடன் நிறுத்திவிடுகிறேன்." சூதாடுகிறவர் வாயில் அடிக்கடி வரும் சொல் இது. மும்பையில் பல தமிழ்க் குடும்பங்களைக் கடனில் தள்ளியது முதல் நாள் ஆட்டம் அல்ல. அதன்பின் வந்த இந்தச் சொல்தான்.

இந்த நகரத்துக்கும் சூதுக்கும் உறவு பழையது. நியூயார்க் பருத்திச் சந்தையின் தொடக்க விலை என்ன, முடிவு விலை என்ன என்று அன்றைய பம்பாயில் பந்தயம் கட்டினார்கள். 1961-ல் அது நின்றது. உடனே பானைக்குள் எண் எழுதிய சீட்டைப் போட்டு எடுக்கும் 'மட்கா' வந்தது. மட்கா என்றால் பானை. பிறகு பானை போய்ச் சீட்டுக்கட்டு வந்தது. பெயர் மட்டும் நிலைத்தது. மில் தொழிலாளர்களின் கூலிப்பணம் அந்தப் பானைக்குள் போயிற்று. 1982 வேலைநிறுத்தத்துக்குப்பின் மில்கள் ஒவ்வொன்றாக மூடின. மட்காவின் பழைய ஆட்டமும் தளர்ந்தது. ஆனால் சூது சாகவில்லை. தெருமுனையை விட்டுச் சட்டைப்பையில் இருக்கும் செல்போனுக்குக் குடிவந்துவிட்டது.

பத்து எண்ணும் கையில் இருந்தாலும்...

மட்காவில் 0 முதல் 9 வரை பத்து எண்கள். ஒற்றை எண் விழுந்தால் ஒன்றுக்கு ஒன்பது என்பது வழக்கமான கணக்கு. பத்து எண்களிலும் பத்துப் பத்து ரூபாய் கட்டினால் 100 ரூபாய் போகும். ஏதாவது ஓர் எண் விழத்தான் வேண்டும்; 90 ரூபாய் திரும்பி வரும். எல்லா எண்ணும் கையில் இருந்தும் 10 ரூபாய் நஷ்டம்! எந்தச் சூதானாலும் நடத்துகிறவன் பங்கு முதலிலேயே எடுக்கப்படுகிறது. அதிக நாள் ஆடினால் விட்டது வராது, இருப்பதும் போகும். வென்ற பணத்தை மீன் விழுங்கிய தூண்டில் முள் என்று வள்ளுவர் சொன்னது இதனால்தான்.

அரசு லாட்டரி, குதிரைப் பந்தயம் போன்றவை சட்டப்படி நடக்கின்றன. அவற்றில் ஆசைப்படுகிறவருக்கும் ஒரு வரம்பு வேண்டும். வாடகை, பள்ளிக் கட்டணம், ஊருக்கு அனுப்பும் பணம் ஆகியவற்றை எடுத்து வைத்தபின், சினிமாவுக்குச் செலவிடுவது போல் போனால் போகட்டும் என்று விடக்கூடிய தொகை மட்டுமே அதற்கு உரியது. கடன் வாங்கி ஆடக்கூடாது. தோற்றால் வீட்டுக்குத் திரும்பிவிட வேண்டும். இந்த வரம்பைக் காக்க முடியாதவருக்கு "அளவோடு ஆடு" என்ற புத்திமதி பயன்படாது. அவர் முழுவதும் நிறுத்த வேண்டியவர்.

அதை எப்படி அறிவது? வீட்டில் பொய் சொல்கிறாரா? ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்குகிறாரா? தொகையைக் கூட்டிக்கொண்டே போகிறாரா? நிறுத்தினால் எரிச்சலும் தூக்கமின்மையும் வருகின்றனவா? இவற்றில் இரண்டு, மூன்று இருந்தாலே கவனிக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் சூதாட்டக் கோளாறும் இடம்பெற்றிருக்கிறது. அதற்குச் சிகிச்சை உண்டு.

தூரம் தரும் மறைவு

பிழைப்புக்காக வந்தவர்களுக்கு இதில் தனி ஆபத்து இருக்கிறது. மனைவி மக்கள் திருநெல்வேலியிலோ சேலத்திலோ இருக்க, இவர் தாராவியிலோ கல்யாணிலோ ஓர் அறையில் நால்வரோடு தங்கியிருப்பார். "இந்த மாதம் ஓவர்டைம் இல்லை" என்று போனில் சொன்னால் ஊரில் நம்பிவிடுவார்கள். தூரம் மறைப்பதற்கு உதவுகிறது. மறைப்பது நோயை வளர்க்கிறது. குமாஸ்தாக்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ரயில்வே ஊழியர் தீராக் கடனாளி ஆகாமல் தன் சொந்த வரவு செலவை நடத்த வேண்டும் என்று 1966-ம் ஆண்டு நடத்தை விதிகளே சொல்கின்றன. கடன் முற்றினால் வேலைக்கும் வம்பு வரும்.

சட்டம் யார் பக்கம்?

பந்தயப் பணம் பாக்கி என்று மிரட்டுகிறவனைக் கண்டு நடுங்க வேண்டாம். 1872-ம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 30-வது பிரிவின்படி, பந்தயத்தில் வென்றதாகச் சொல்லப்படும் பணத்தைக் கேட்டு வழக்குப் போட முடியாது. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்து 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமும், நடத்துகிறவருக்கும் விளம்பரம் செய்கிறவருக்கும் தண்டனை விதிக்கிறது. ஆடி ஏமாந்தவருக்கு அல்ல. வட்டிக்கடன் வேறு விஷயம். அதற்குச் சட்ட ஆலோசனை கேட்க 15100 என்ற தேசிய சட்ட உதவி எண் இருக்கிறது. தொழிலாளர்களும் பெண்களும் இலவச சட்ட உதவி பெற உரிமை உள்ளவர்கள்.

மனநல உதவிக்கு மத்திய அரசின் 'டெலி மானஸ்' எண் 14416. 2022 அக்டோபரில் தொடங்கிய இந்தச் சேவை இரவு பகலாகக் கிடைக்கும். கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம். ஆடுகிறவர்தான் பேச வேண்டும் என்பதில்லை. மனைவியோ அறைத்தோழரோ பேசலாம். நேரில் போக விரும்புகிறவருக்கு சயான், கே.இ.எம்., நாயர் ஆஸ்பத்திரிகளில் மனநலப் பிரிவுகள் உண்டு. ரயில்வே, ஈ.எஸ்.ஐ. வசதி உள்ளவர்கள் தங்கள் டாக்டரிடம் சொல்லி மனநல மருத்துவருக்குச் சீட்டு வாங்கிக்கொள்ளலாம்.

சுற்றியிருப்போருக்கும் கடமை உண்டு. கைமாற்றாகப் பணம் கொடுப்பது உதவி ஆகாது. அது அடுத்த ஆட்டத்துக்குத்தான் போகும். உடன் போய் டாக்டரைப் பார்ப்பதும், அவர் சம்மதத்தோடு சம்பளம் வீட்டுக்கு நேராகப் போக ஏற்பாடு செய்வதுமே உதவி. பொங்கல் விழாவுக்கு வசூல் செய்யும் தமிழ்ச் சங்கங்கள், இந்த எண்களைத் தங்கள் அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்கலாம். அதற்குச் செலவு ஒரு சாக்பீஸ்தான்.

விட்ட பணம் விட்டதுதான். அதைப் பிடிக்க ஓடுகிறவர் கையில் இருக்கும் வேலையையும் குடும்பத்தையும் விட்டுவிடக் கூடாது. சம்பள நாளுக்கு முன்பே ஒருவரிடம் மனம் திறந்து சொல்லிவிடுவது நல்லது. சொன்னால் அவமானம் என்று நினைப்பவர்கள், சொல்லாமல் விட்டால் வரும் அவமானத்தையும் சேர்த்துக் கணக்குப் பார்க்கட்டும்.