பின்கண்ணாடியை விட்டிறங்கிய துப்பாக்கி

அமெரிக்க ஐக்கிய நாட்டின் கிராமப்புறமொன்றிலே பிறந்து வளர்ந்து, இன்று அறுபது வயதைக் கடந்துவிட்ட ஒருவரிடம் அவருடைய பாடசாலைக் காலத்தைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தால், ஒரு காட்சி பெரும்பாலும் வந்தே தீரும். கார்த்திகை மாதத்துக் குளிர்காலை. உயர்தரப் பாடசாலையின் வாகனத் தரிப்பிடம். அங்கே வரிசையாக நிற்கும் பிக்அப் வண்டிகள். அவ்வண்டிகளின் பின்கண்ணாடியிலே, கொளுவிகள் பொருத்திய தாங்கியொன்றில், வீதியிற் போவோர் வருவோர் யாவரும் காணத்தக்கதாகக் கிடையாக வைக்கப்பட்டிருக்கும் வேட்டைத் துப்பாக்கி. வண்டியின் கதவு பூட்டப்பட்டிராது. மாலையில் மணி அடித்ததும் மாணவன் நேரே மான் வேட்டைக்குப் போவான். ஆசிரியர் அத்துப்பாக்கியைக் கண்டால், அது என்ன விலைக்கு வாங்கியது என்று விசாரிப்பாரேயன்றி வேறொன்றும் கேளார். “அன்று எவரும் எவரையும் சுடவில்லை” என்று கதை முடியும்.

இக்கதை வெறுங் கற்பனையன்று. டெக்சாஸ், மொன்டானா, வயோமிங் முதலிய மாநிலங்களில் 1950 தொடக்கம் 1980கள் வரையிலும் இது நாளாந்தக் காட்சியாகவே இருந்தது. ஆயினும் நினைவு வேறு, அரசியல் வாதம் வேறு. துப்பாக்கி பற்றிய விவாதம் அந்நாட்டில் எழும்போதெல்லாம் இப்பழைய வண்டி சாட்சிக் கூண்டிலே கொண்டுவந்து நிறுத்தப்படுகின்றது. அச்சாட்சி எதனைக் கூறுகின்றது, எதனைக் கூறாது விடுகின்றது என்பதையே நாம் இங்கு நோக்க வேண்டும்.

துப்பாக்கி அவ்விடத்துக்கு வந்த வரலாறு எளிது. பிக்அப் வருமுன்னர் மாட்டுப் பண்ணையாளனின் வாகனம் குதிரை. சேணத்தின் பக்கத்தில் தோலுறையொன்று. அதனுள் குறுகிய குழலுடைய றைபிள். 1894 ஆம் ஆண்டு வெளிவந்த வின்செஸ்டர் துப்பாக்கி அவ்வுறைக்கென்றே பிறந்ததுபோல் அமைந்தது. எழுபது லட்சத்துக்கும் மேலாக அது செய்து விற்கப்பட்டது. குதிரை போய் இயந்திர வண்டி வந்தபோது தோலுறை இருந்த இடத்தைப் பின்கண்ணாடித் தாங்கி எடுத்துக்கொண்டது. பிக்அப்புக்குக் காரைப்போன்ற மூடிய பின்பெட்டி இல்லை. பின்னாலுள்ள திறந்த தட்டிலே போட்டால் மழையும் புழுதியும் இரும்பைத் தின்றுவிடும். இருக்கையின் மீது கிடத்தினால் பக்கத்தில் ஆள் அமர முடியாது. ஆகவே தலைக்குப் பின்னாலுள்ள கண்ணாடியே மிஞ்சியது. கன்றைக் கடிக்க வரும் கொயோட்டி நரியை விரட்டவும், கால் முறிந்து துடிக்கும் மாட்டின் வேதனையை முடிக்கவும், குளிர்காலத்துக்கு வேண்டிய மானிறைச்சியைத் தேடவும் அது பயன்பட்டது. மண்வெட்டியும் முட்கம்பிச் சுருளும் எப்படியோ, அப்படியே துப்பாக்கியும் அவ்வண்டியின் ஒரு தளபாடம்.

வேட்டை அச்சமூகத்தில் எவ்வளவு ஆழமாக வேரோடியிருந்தது என்பதற்குப் பெனிசில்வேனியா மாநிலத்தைப் பார்த்தாற் போதும். 1963 முதல் அங்கே றைபிள் கொண்டு மான் வேட்டையாடும் பருவம், நன்றி நவிலும் திருநாளை அடுத்துவரும் திங்கட்கிழமையிலேயே தொடங்கிவந்தது. அன்று பல பாடசாலைகள் மூடப்பட்டன. மாணவர் மட்டுமன்றி ஆசிரியரும் காட்டிலேதான் இருப்பர் என்பதை நிருவாகிகள் அறிந்திருந்தனர் போலும்! 2019 இல் தொடக்கநாள் சனிக்கிழமைக்கு மாற்றப்பட்டபோது பழையவர்கள் பலர் மனம் வருந்தினர்.

ஆகவே பின்கண்ணாடித் துப்பாக்கியைத் தாங்கிநின்றவை இரண்டு கொளுவிகள் மட்டுமல்ல. அதனைக் காண்போர் வைத்திருந்த நம்பிக்கையும் அதனைத் தாங்கியது. இவ்வண்டி இன்னாருடையது, இத்துப்பாக்கி அவன் தகப்பனிடமிருந்து வந்தது, இவன் இன்ன தேவாலயத்துக்குப் போகின்றவன் என்பதெல்லாம் ஊருக்குத் தெரியும். எல்லோர் கண்ணிலும் படும்படி வைக்கப்பட்டமையே அதற்குக் காவல்.

ஆனால் அந்நம்பிக்கை எல்லோருக்கும் கிடைத்ததா? 1963 ஆம் ஆண்டு ஆனி மாதம் மிசிசிப்பியின் ஜாக்சன் நகரில், கறுப்பின மக்களின் உரிமைக்காக உழைத்த மெட்கர் எவர்ஸ் தம் வீட்டு வாயிலிலேயே றைபிளாற் சுடப்பட்டு இறந்தார். அக்காலத்துத் தென்மாநிலங்களில், இரவு வேளையிலே தம் வீட்டைக் கடந்து மெல்லச் செல்லும் பிக்அப்பின் பின்கண்ணாடியைப் பார்த்த கறுப்பினக் குடும்பமொன்றுக்கு, அங்கே தெரிந்த துப்பாக்கி மானை நினைவூட்டியிருக்குமென்று நாம் எண்ணுவதற்கில்லை. 1967 இல் கலிபோர்னியாவின் ஓக்லாந்து நகரிலே கருஞ்சிறுத்தைக் கட்சி இளைஞர்கள், அன்றைய சட்டம் இடங்கொடுத்தபடியே, துப்பாக்கிகளுடன் காரிலேறிப் பொலிசாரைப் பின்தொடர்ந்து கண்காணித்தனர். உடனே சட்டமூலம் எழுந்தது. வைகாசி 2 ஆம் திகதி அவ்விளைஞர்கள் ஆயுதங்களுடன் சட்டமன்றக் கட்டிடத்துக்கே சென்றனர். குண்டேற்றிய துப்பாக்கியைப் பொதுவிடங்களிற் கொண்டு செல்வதைத் தடுக்கும் அச்சட்டத்தில் ஆளுநர் றொனால்ட் றேகன் அவ்வாண்டே ஒப்பமிட்டார். துப்பாக்கி உரிமைக்காகப் பிற்காலத்திற் பேரிகை முழக்கியவர்களும் அவரைத் தம்மவர் என்றே போற்றினர் என்பதை இடையிற் சொல்லி வைக்கலாம். 1969 இல் வெளிவந்த ‘ஈஸி றைடர்’ என்னும் திரைப்படமும் இவ்வண்டியை மறக்கவில்லை. நீண்ட மயிர் வளர்த்து மோட்டார் சைக்கிளிற் சென்ற இரு இளைஞரை, பிக்அப்பில் வந்த இருவர் சுட்டுத் தள்ளுவதுடன் அப்படம் முடிகின்றது. ஊரார் அறிந்த வண்டி ஊராருக்கு மட்டுமே நட்பானது.

இனிச் சட்டத்துக்கு வருவோம். 1986 ஆம் ஆண்டின் சமஷ்டிச் சட்டமொன்று, மாநிலம் விட்டு மாநிலம் துப்பாக்கியுடன் பயணஞ் செய்வோருக்குப் பாதுகாப்பளித்தது. குண்டு அகற்றப்பட்டு, கைக்கு எட்டாத இடத்தில் அது இருத்தல் வேண்டும். தனியான பின்பெட்டி இல்லாத வண்டியாயின் பூட்டிய பெட்டியொன்றினுள் இருத்தல் வேண்டும்; சாரதிக்கு முன்னாலுள்ள சிற்றறையும் ஆகாது. இவ்விதி பிக்அப்புக்காரனையே நேராகத் தொடுவது. பின்னர் 1990 இல், பாடசாலையிலிருந்து 1,000 அடிக்குள் துப்பாக்கி வைத்திருப்பதைக் குற்றமாக்கும் சட்டம் வந்தது. சான் அந்தோனியோ நகரத்து மாணவனொருவன் கைத்துப்பாக்கியுடன் பாடசாலைக்கு வந்து பிடிபட்ட வழக்கில், வர்த்தகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தைக் கொண்டு இப்படியொரு சட்டம் இயற்றக் காங்கிரசுக்கு உரிமையில்லையென்று உயர்நீதிமன்றம் 1995 இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அதனைத் தள்ளிவிட்டது. மறு ஆண்டே சிறு திருத்தத்துடன் அது மீண்டும் உயிர்பெற்றது.

அச்சட்டத்தின் விதிவிலக்குகளை வாசிப்போர் ஓரிடத்தில் நின்றுவிடுவர். குண்டேற்றாத துப்பாக்கி பூட்டிய பெட்டியிலோ, வாகனத்திலுள்ள பூட்டிய துப்பாக்கித் தாங்கியிலோ இருக்குமாயின் குற்றமில்லை! பின்கண்ணாடித் தாங்கி சமஷ்டிச் சட்டப் புத்தகத்திலேயே இடம்பிடித்துவிட்டது. 1999 சித்திரையில் கொலராடோ மாநிலத்தின் கொலம்பைன் பாடசாலையிற் படுகொலை நிகழ்ந்து நாடே நடுங்கிய பின்னர்கூட, ஆயுதம் கொணரும் மாணவரை ஓராண்டு விலக்கும் விதியில், பூட்டிய வாகனத்தினுள் முறைப்படி வைக்கப்பட்ட துப்பாக்கிக்குக் காங்கிரஸ் இடம் ஒதுக்கியது. வேட்டைக்காரப் பையனின் காட்சி சட்டமியற்றுவோரின் மனத்தை விட்டு அகலவில்லை.

இக்காட்சியின் வலிமை முழுவதும் வெளிப்பட்ட இடம் ஒக்லஹோமா மாநிலத்தின் வாலியன்ட் என்னும் சிற்றூர். அங்கே வேயர்ஹவுசர் என்ற பெரிய மரக் கம்பனியின் கடதாசி ஆலை இருந்தது. 2002 ஆம் ஆண்டு இலையுதிர் காலத்திலே, வேட்டைப் பருவம் அணுகும் வேளையில், மோப்ப நாய்களைக் கொண்டு ஆலையின் வாகனத் தரிப்பிடம் சோதிக்கப்பட்டது. சில தொழிலாளரின் வண்டிகளிலே துப்பாக்கிகள் அகப்பட்டன. கம்பனியின் விதியை மீறினர் என்று அவர்கள் வேலைநீக்கஞ் செய்யப்பட்டனர். அவர்கள் தொடுத்த வழக்கு 2006 இல் மேன்முறையீட்டிலும் தோற்றது. ஆனால் அதற்கு முன்னரே மாநிலச் சட்டமன்றம் விழித்துக்கொண்டது. தொழிலாளி தன் வண்டியிற் பூட்டி வைத்திருக்கும் துப்பாக்கியை முதலாளி தடைசெய்யலாகாதென்று 2004 இலே சட்டம் பிறந்தது. எண்ணெய்க் கம்பனியான கொனொகோபிலிப்ஸ் முதலிய நிறுவனங்கள் நீதிமன்றஞ் சென்றன. தேசியத் துப்பாக்கிச் சங்கமோ அக்கம்பனியின் எண்ணெயை வாங்காதீர் என்று 2005 இல் அறைகூவியது. 2007 இல் கம்பனிகளுக்குச் சார்பாகத் தீர்ப்பு. 2009 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதனைப் புரட்டிப் போட்டது. ஏறத்தாழ இதே சட்டம் இன்று இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் உண்டு.

வேலை முடிந்து நேரே காட்டுக்குச் செல்லும் கூலித் தொழிலாளி, தன் உழைப்பை மட்டுமன்றித் தன் வண்டியின் உள்ளறையையும் முதலாளியிடம் ஒப்படைக்க வேண்டுமா? இக்கேள்வி நியாயமானது. நாம் அத்தொழிலாளியின் பக்கம் சாயவே விரும்புகின்றோம். ஆனால் சட்டத்தின் சொற்களைக் கூர்ந்து நோக்கினால், அவை மான் வேட்டை றைபிளுக்கு மட்டும் உரியனவாய் இல்லை. எந்தத் துப்பாக்கிக்கும் அவை பொருந்தும். இங்கேதான் பழைய சாட்சி நம்மை ஏமாற்றுகின்றது.

துப்பாக்கி ஏன் வைத்திருக்கின்றீர் என்று 1999 இல் அமெரிக்கரைக் கேட்டபோது, வைத்திருந்தோரில் ஏறத்தாழப் பாதிப்பேர் வேட்டையையும் கால்வாசிப்பேர் தற்காப்பையும் தலைக்காரணமாகக் கூறினர். 2023 இல் பியூ ஆய்வு நிலையம் கேட்டபோது, தற்காப்பை முக்கிய காரணமென்றோர் நூற்றுக்கு 72. வேட்டையைக் கூறியோர் 32. வினவிய முறை சிறிது வேறாயினும் போக்கு ஐயத்துக்கிடமற்றது. தற்காப்புக்கு ஒரு மீற்றர் நீள றைபிளை எவரும் நாடுவதில்லை, கைத்துப்பாக்கியையே நாடுவர். டெக்சாஸ் மாநிலம் 2007 இல், அநுமதிப் பத்திரம் இல்லாதோரும் தம் காரினுள்ளே கைத்துப்பாக்கியை மறைத்து வைக்க வழிவிட்டது. வேட்டைக்காரனின் பெயரால் வென்றெடுத்த தரிப்பிடத்தில், வேட்டையை அறியாத நகரத்தானின் கைத்துப்பாக்கி இருக்கையின் கீழே மறைந்து கிடக்கின்றது. பழைய துப்பாக்கிக்கு ஊரார் பார்வை காவலாயிருந்தது. இதற்கு எவர் பார்வையும் இல்லை.

கள்வன் மட்டும் அதனை அறிவான். 2017 முதல் 2021 வரை ஐந்தாண்டில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகள் தனியாரிடமிருந்து களவுபோனதாக முறையிடப்பட்டது. நகரங்கள் பலவற்றின் 2022 ஆம் ஆண்டுப் பதிவுகளைத் திரட்டிப் பார்த்தவிடத்து, துப்பாக்கிக் களவுகளில் ஏறத்தாழப் பாதி வாகனங்களிலேயே நிகழ்ந்தமை தெரிந்தது.

“எவரும் எவரையும் சுடவில்லை” என்ற கூற்றிலும் ஓர் ஓட்டை உண்டு. 2021 இல் அந்நாட்டிற் துப்பாக்கியால் இறந்த 48,830 பேரில் 26,328 பேர் தம்மைத் தாமே மாய்த்துக்கொண்டவர்கள். தற்கொலை வீதம் மிக உயர்ந்து காணப்படும் மாநிலங்களில் வயோமிங்கும் மொன்டானாவும் அடங்கும். அதாவது, நமது கதையின் வண்டிகள் ஓடிய அதே நாட்டுப்புறம். இவ்விறப்புகளை ஊரார் விபத்தென்று மெல்லச் சொல்லி அடக்கம் செய்வதுண்டு. அவை பாடசாலை நினைவுகளில் வருவதில்லை.

கொலம்பைன் துயரத்தைக் கண்ட அதே கொலராடோ, 2024 இல் புதிய சட்டமொன்றை இயற்றியது. 2025 தை முதலாந் திகதியிலிருந்து, ஆளில்லாத வாகனத்திலே விட்டுச் செல்லும் கைத்துப்பாக்கி பூட்டிய வன்பெட்டியினுள் இருத்தல் வேண்டும். வாகனமும் பூட்டப்படல் வேண்டும். வெளியிலிருந்து நோக்குவோர் கண்ணுக்கு அப்பெட்டி தெரியவுங் கூடாது. நீண்ட துப்பாக்கிக்கும், சில விலக்குகளுடன், பூட்டிய உறை வேண்டும். 1996 ஆம் ஆண்டுச் சமஷ்டிச் சட்டத்திலோ வாகனத் துப்பாக்கித் தாங்கியென்ற சொல் இன்றும் அழியாது நிற்கின்றது.