கையின் பிடிவாதம்

தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடைப்பட்ட கடல் ஏறத்தாழ 30 கிலோமீற்றர். 1966ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் திகதி கல்கத்தா வழக்கறிஞர் மிஹிர் சென் தலைமன்னாரில் கடலில் இறங்கினார். 25 மணி 36 நிமிடம் நீந்தி, 1964ஆம் ஆண்டுப் புயலில் அழிந்துபோன தனுஷ்கோடியின் கரையில் மறுநாள் ஏறினார். 1971இல் வல்வெட்டித்துறை ஆனந்தன் இதே கடலைப் போகவும் வரவும் நீந்திக் கடந்தார். 51 மணி நேரம்!

இவற்றைப் படிக்கும் மாணவர்கள் மனவுறுதியை வியக்கிறார்கள். வியக்கட்டும். ஆனால் கையையும் சற்று நோக்க வேண்டாமா? நிமிடத்துக்கு 50 கைவீச்சு என்று கொண்டால், 25 மணி 36 நிமிடத்துக்கு 76,800 வீச்சு ஆகிறது. வீச்சில் குறை இருப்பின் அக்குறையும் அத்தனை முறை நிகழும்.

மாற்றுக்கை நீச்சல் பழகும் இளைஞரிடம் அடிக்கடி காணப்படும் குறை ஒன்றுண்டு. முன்னே நீளும் கை, தோளுக்கு நேரே நீரில் இறங்காமல், தலைக்கு முன்னே குறுக்கே சென்று மறுபக்கம் இறங்கும். உடனே இடுப்பு எதிர்ப்புறம் நெளியும். உடல் பாம்புபோல் வளைந்து செல்லும். நீச்சல் தடாகத்தில் அடியிலுள்ள கோடு வழிகாட்டும். பாக்கு நீரிணையில் கோடு ஏது? நீரோட்டம் ஒருபுறம் இழுக்க, கையும் திசை மாற்றினால் தூரம் வளரும். அதனினும் கொடிது தோள்வலி: குறுக்கே செல்லும் கையில், தோளின் எலும்பு முகட்டுக்குக் கீழுள்ள தசைநாண் மீண்டும் மீண்டும் நெருக்குண்டு வீங்கும். நன்றாக நீந்திய பிள்ளை சிலர் இவ்வலியாலேயே கடலை விட்டு விலகுகின்றனர்.

திருத்துவது ஏன் கடினம்? கைக்கு அப்பிழையே நேராகத் தோன்றுவதுதான் காரணம். "நேரே போடு" என்று ஆசிரியர் நூறு முறை சொன்னாலும், "நேரேதானே போடுகிறேன், ஐயா!" என்பான் பையன். அவன் பொய் சொல்லவில்லை. ஆகவே மிகைப்படுத்தச் சொல்ல வேண்டும். தலை கடிகாரத்தின் 12 எனக் கொண்டு, கைகளை 10இலும் 2இலும் போடச் சொல்லுங்கள். அகல விரித்துவிட்டதாகவே அவனுக்குத் தோன்றும்; படகிலிருந்து பார்ப்பவருக்கோ தோளுக்கு நேரே இறங்கும்.

முதலில் இடுப்பளவு நீரில் நின்று, குனிந்து முகத்தை நீரில் வைத்து, தன் கை இறங்கும் இடத்தைத் தானே காணட்டும். பிறகு மெதுவாக நீந்தட்டும். ஒரே பக்கம் மூச்செடுக்கும் பழக்கமும் இக்குறையை வளர்ப்பதுண்டு. மூன்று வீச்சுக்கு ஒருமுறை பக்கம் மாற்றி மூச்செடுப்பது நன்று. வேகத்தை அவசரப்பட்டுக் கூட்டினால் பழைய கை திரும்பி வந்துவிடும்.

எல்லாக் கையையும் திருத்த வேண்டியதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்கக் கொல்ஃப் வீரர் கல்வின் பீற், சிறுவயதில் முறிந்த இடது முழங்கையை முற்றாக நீட்ட இயலாதவர், அக்கையோடே பி.ஜி.ஏ. சுற்றில் 12 போட்டிகளில் வென்றார். பழக்கமா, மூட்டின் இயல்பா என்று வைத்தியரிடம் முதலில் அறிந்துகொள்வது பெற்றோர் கடமை.

பழக்கந்தான் என்றால், சோதனையைப் பயிற்சியின் தொடக்கத்தில் வைக்காதீர்கள். களைத்த பின் கடைசிப் பத்து நிமிடம் படகில் ஒருவர் அமர்ந்து, கை எத்தனை முறை குறுக்கே போகிறது என்று எண்ணட்டும். அவ்வெண் வாரந்தோறும் குறைகிறதா என்று பாருங்கள்.