நிற்கும் வண்டிக்கும் உணவு வேண்டும்



ஓடுகிற வண்டிதான் தேயும், நிற்கிற வண்டி தேயாது என்னும் எண்ணம் நம்மிடையே பரவலாக உண்டு. சக்கரத்துக்கு இது ஓரளவு பொருந்தலாம். பேட்டரிக்கு அறவே பொருந்தாது. 2020 மார்ச் 25 அன்று நாடெங்கும் ஊரடங்கு தொடங்கியபோது, ஓசூர் சிப்காட் ஆலைகளுக்குத் தொழிலாளரை ஏற்றிச் சென்ற வேன்களும், ஜூஜூவாடி எல்லையை நாள்தோறும் கடந்து சென்ற வாடகைக் கார்களும், பள்ளிப் பேருந்துகளும் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டன. மீண்டும் சாவியைத் திருப்பிய நாளில், ‘டக்’ என்னும் ஓசையோடு அடங்கிப்போன வண்டிகள் பல. வருமானம் நின்றிருந்த வேளையில் புதிய பேட்டரிக்கும் பணம் தேட வேண்டியதாயிற்று.

நம் பகுதியோ வண்டிகளின் பிறப்பிடம். 1980ஆம் ஆண்டு முதல் அசோக் லேலண்டு லாரிகள் ஓசூரில் உருவாகின்றன. டி.வி.எஸ். மோட்டார் இங்கேதான் வளர்ந்தது. எக்சைடு நிறுவனத்தின் பேட்டரித் தொழிற்சாலையும் ஓசூர் வட்டத்தில் உள்ளது. எனினும், பேட்டரியைச் செய்யும் கைகள் உள்ள இல்லங்களிலேயே அதைப் பேணும் முறை அறியாதவர் பலர். இப்பொழுது ‘கேரவன்’ என்னும் வீட்டு வண்டியும் பெங்களூர்ச் சாலையில் தென்படுகின்றது. முன்னர் பெரும்பாலும் திரைப்பட நடிகர்க்கே உரியதாகக் கருதப்பட்ட இவ்வண்டியைச் சுற்றுலாவுக்குப் பயன்படுத்தும் ‘கேரவன் கேரளா’ திட்டத்தைக் கேரள அரசு 2021இல் அறிவித்தது. விடுமுறைக் காலத்தில் ஓடி, மற்றை மாதங்களில் கொட்டகையில் நிற்பது இதன் இயல்பு. ஆதலின், நிற்கும் பேட்டரியைப் பேணுவதற்கு எத்தகைய சார்ஜர் வாங்குவது என்பதை இத்திங்கள் ஆராய்வோம். வேன், டிராக்டர், ஜெனரேட்டர் வைத்திருப்போர்க்கும் இது பயன்படும்.

முதலில், நிற்கும் பேட்டரி ஏன் கெடுகிறது? காரணம் இரண்டு. ஒன்று, அது தானாகவே சிறிது சிறிதாக மின்னிறக்கம் அடைகிறது. வெயில் மிகுந்தால் இவ்விழப்பும் மிகும். மற்றொன்று, சாவியை எடுத்த பின்னும் கடிகாரம், திருட்டு எச்சரிக்கை மணி, இருப்பிடம் காட்டும் கருவி ஆகியவை மின்சாரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கின்றன. இவை எல்லாம் சேர்ந்து ஓர் ஆம்பியரில் இருபதில் ஒரு பங்கே எடுப்பதாகக் கொள்வோம். ஒரு நாளில் 1.2 ஆம்பியர்-மணி, முப்பது நாளில் 36 ஆம்பியர்-மணி. 60 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதிக்கு மேல் ஒரே மாதத்தில் கரைந்துவிடுகிறது!

கரைந்தது மட்டுமன்று கேடு. மின்னேற்றம் குறைந்த நிலையில் நெடுநாள் கிடந்தால், ஈயத் தகடுகளின்மேல் ஈய சல்ஃபேட் படிகங்களாக இறுகிவிடும். அவ்வாறு இறுகியபின் எந்தச் சார்ஜரும் அவற்றை முழுமையாகக் கரைக்க இயலாது. பேட்டரி சாவது பெரும்பாலும் இப்படித்தான். வாரம் ஒருமுறை எஞ்சினைப் பத்து நிமிடம் ஓட விடுவதும் தக்க மருந்தாகாது. ஸ்டார்ட் செய்யச் செலவான மின்சாரம் ஒருவேளை திரும்பலாம். வாரம் முழுதும் கரைந்தது திரும்பாது.

இனிச் சார்ஜருக்கு வருவோம். கடைத்தெருவில் மலிவாகக் கிடைக்கும் பழைய வகைச் சார்ஜர்களுள் பல, ஒரு டிரான்ஸ்பார்மரும் டயோடுகளுமே உடையவை. பேட்டரி நிறைந்ததை அவை அறியா. ஓயாமல் ஊட்டிக்கொண்டே இருக்கும். வோல்ட் 15ஐயும் தாண்டும், நீர் வாயுவாகப் பிரிந்து வற்றும், தகடுகள் அரிக்கப்படும். பட்டினியால் சாக வேண்டிய பேட்டரி மிகையுணவால் சாகும். மெக்கானிக் அருகிலிருந்து சில மணி நேரம் ஏற்றி எடுப்பதற்கு அது போதும். மாதக்கணக்கில் மாட்டி வைக்க உதவாது.

நமக்கு வேண்டியது மூன்று படிகளில் இயங்கும் தானியங்கிச் சார்ஜர். முதற்படியில் அது தன் முழு ஆம்பியரையும் கொடுக்கும். இரண்டாம் படியில் 14.4 வோல்ட் அளவில் நிறுத்தி, ஓட்டத்தைக் குறைத்துக்கொண்டே வரும். மூன்றாம் படியில் 13.6 வோல்ட் அளவுக்கு இறங்கி, கரைந்ததை மட்டும் ஈடுசெய்து காத்திருக்கும். இம்மூன்றாம் படிக்கு ‘ஃபுளோட்’ என்று பெயர். இச்சொல் சார்ஜரின் பெட்டியிலோ விளக்கத் தாளிலோ உள்ளதா என்பதே கடையில் கேட்க வேண்டிய முதற்கேள்வி. எவ்வளவு விரைவாக நிரப்பும் என்பதைவிட, நிறைந்தபின் எவ்வாறு அடங்கியிருக்கும் என்பதே முக்கியம்.

இரண்டாவது, ஆம்பியர். நிறைந்த பேட்டரியைப் பேணுவதற்கு 2 முதல் 4 ஆம்பியர் போதும். கேரவனில் எஞ்சினை இயக்கும் பேட்டரி வேறு. விளக்கு, விசிறி, குளிர்பெட்டிக்கான பேட்டரி வேறு. முன்னது கணப்பொழுது பெருவலிமை தருவது. பின்னது நெடுநேரம் நின்று உழைப்பது. வீட்டுப் பயன்பாட்டுக்கான பேட்டரியை வெறுமையிலிருந்து நிரப்பவும் வேண்டுமாயின், அதன் ஆம்பியர்-மணியில் பத்தில் ஒரு பங்கு பொருத்தமான அளவு. அதாவது, 100 ஆம்பியர்-மணிக்கு 10 ஆம்பியர். இரு பேட்டரிகளையும் ஒருங்கே பேண வேண்டுமாயின், தனித்தனி வெளியீடுகள் இரண்டுடைய சார்ஜர் நன்று.

மூன்றாவது, பேட்டரியின் இனம். ஆசிட் ஊற்றியது, ஜெல், ஏ.ஜி.எம். ஆகிய மூன்றும் ஈய இனமே; எனினும் ஏற்றும் வோல்ட் சற்றே மாறும். சார்ஜரில் இதற்கான தேர்வு இருத்தல் வேண்டும். லித்தியம் பேட்டரியோ முற்றிலும் வேறு இனம். அதற்கென அமைந்த சார்ஜரையே பயன்படுத்துக. படிகங்களை உடைப்பதாகக் கூறும் ‘ரிப்பேர்’ முறையை அதன்மேல் ஒருபோதும் செலுத்தலாகாது. லித்தியத்தை எப்போதும் நிறைத்தே வைக்கவும் தேவையில்லை; ஏறத்தாழப் பாதி நிறைவில் இணைப்பைக் கழற்றி வைத்தால் மாதக்கணக்கில் நலமாக இருக்கும்.

நான்காவது, நம் ஊருக்கே உரிய ஒன்று: மின்தடை. சில சார்ஜர்கள் மின்சாரம் போய்த் திரும்பியதும், யாரேனும் பொத்தானை அழுத்தும்வரை வாளாவிருக்கும். பச்சை விளக்கை எதிர்பார்த்துப் பூட்டிச் சென்றவர், திரும்பி வந்து வெறும் பேட்டரியையே காண்பார். தடைக்குப்பின் தானே தொடரும் சார்ஜரா என்று கேட்டு, கடையிலேயே சுவிட்சை நிறுத்திப் போட்டுப் பாருங்கள்.

ஐந்தாவது, வெப்பம். ஓசூர் மேட்டுநிலத்தின் குளிர்ச்சி, மலையிறங்கிக் கிருஷ்ணகிரி சேர்ந்தால் இராது. வெப்பம் 10 டிகிரி உயர்ந்தால், 12 வோல்ட் பேட்டரிக்கு ஃபுளோட் அளவை ஏறத்தாழ 0.2 வோல்ட் குறைக்க வேண்டும். இதைத் தானே செய்யும் சார்ஜர், தகரக் கொட்டகையில் வண்டி நிறுத்துவோர்க்குப் பெரிதும் உதவும். மின்வசதி இல்லாத இடமாயின், 20 வாட் சூரியத் தகடும் அதற்குரிய கட்டுப்படுத்தும் கருவியும் ஒரு பேட்டரியைப் பேணப் போதும்.

சார்ஜரோடு ஒரு மல்ட்டிமீட்டரும் வாங்குக. சில மணி நேரம் ஓய்ந்த ஈய பேட்டரி 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் நிறைவு, 12.2 என்றால் ஏறத்தாழப் பாதி. 12 என்றால் உடனே கவனிக்க வேண்டும்.

இறுதியாக, உயிருக்கு உரிய எச்சரிக்கை. மின்னேறும் ஈய பேட்டரி ஹைட்ரஜன் வாயுவை வெளிவிடும். காற்றில் அது 4 விழுக்காடு சேர்ந்தாலே ஒரு தீப்பொறியில் வெடிக்கும். ஆகவே காற்றோட்டம் வேண்டும். அருகில் பீடியோ விளக்கோ கூடாது. முதலில் சிவப்புக் கவ்வி, பின்னர் பேட்டரிக்குச் சற்று விலகிய உலோகச் சட்டத்தில் கறுப்புக் கவ்வி, அதன்பின் சுவிட்சு. கழற்றுகையில் இவ்வரிசை தலைகீழ். மூடியுள்ள பேட்டரியில் காய்ச்சி வடித்த நீரை மட்டும் ஊற்றுக, ஆசிட் ஊற்றாதீர். பழைய பேட்டரியை வீட்டு முற்றத்தில் உடைக்க விடாதீர். ஈயத்தூள் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும். 2022இல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, அதை உரிய வழியில் திரும்ப ஒப்படைத்தலே முறை.

வண்டியை நம்பி வாழும் குடும்பத்துக்கு ஒரு பேட்டரி என்பது ஒரு மாதத் தவணை. சிலருக்குப் பிள்ளையின் பள்ளிக் கட்டணம். அடுத்த முறை வண்டியை நிறுத்திப் பூட்டுமுன், அது எத்தனை நாள் நிற்கப் போகிறது என்று ஒரு கணம் எண்ணுங்கள். இரண்டு வாரத்துக்கு மேலாயின், சார்ஜரை மாட்டிவிட்டுச் செல்லுங்கள்.