மிச்சமிருக்கும் பூச்சிமருந்தை உண்ணிக்கு அடிக்கலாமா?

கேள்வி: எங்கள் தோட்டத்தில் ஒரு குதிரை, இரண்டு கறவை மாடு, காவலுக்கு ஒரு நாய் இருக்கின்றன. நாயின் காதிலும் விரலிடுக்கிலும் உண்ணி அப்பிக் கிடக்கிறது. பிடுங்கப் பிடுங்க வருகிறது. போன வாரம் மகனின் அக்குளில் ஒன்று கடித்திருந்தது. பருத்திக்கு வாங்கிய பூச்சிமருந்து மிச்சம் இருக்கிறது. அதைத் தண்ணீரில் கலந்து எல்லாவற்றின் மேலும் தெளிக்கலாமா?
– வாசகர் ஒருவர், அந்தியூர்.

பதில்: தயவுசெய்து தெளிக்காதீர்கள். பயிர் மருந்து தோல் வழியாக உடம்பில் இறங்கும். நாய் தன்னை நக்கும்போது வயிற்றுக்குள்ளும் போகும். எச்சில் ஒழுகி, உடம்பு நடுங்கி, மூச்சுத் திணறி நாய் இறந்துவிடலாம். அதைத் தொட்டு விளையாடும் குழந்தைக்கும் ஆபத்து. மாட்டின் பாலிலும் நஞ்சு சேரலாம்.

பிராணிகளுக்கென்று விற்கும் மருந்திலும் ஒன்றுக்கு ஆவது இன்னொன்றுக்கு ஆகாது. நாய்க்கும் மாட்டுக்கும் பயன்படும் அமிட்ராஸ் மருந்தைக் குதிரைக்குப் போடவே கூடாது. குடல் அசைவு நின்று, லத்தி கட்டிக்கொண்டு உயிருக்கே ஆபத்தாகும். நாய்க்குப் போடும் பெர்மெத்ரின் பூனைக்கு நஞ்சு. எனவே எந்தப் பிராணி, என்ன எடை, சினையா, கறவையா என்பதைக் கால்நடை மருத்துவரிடம் சொல்லி, தனித்தனியாக மருந்து வாங்குங்கள். எத்தனை நாள் பாலை ஒதுக்க வேண்டும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிடுங்கியும் உண்ணி குறையாததற்குக் காரணம் இருக்கிறது. நாய் உண்ணி ரத்தம் குடித்ததும் கீழே இறங்கிச் சுவர் வெடிப்பில் ஒளிந்துகொள்ளும். பெண் உண்ணி அங்கே ஆயிரக்கணக்கில் முட்டையிடும். இரை இல்லாமலே பல மாதம் தாங்கும். நாயின் மேல் நீங்கள் பார்ப்பது ஒரு பங்குதான். ஆகவே மருந்து போடும் அதே நாளில் இடத்தையும் சுத்தம் செய்யுங்கள்.

• நாய் படுக்கும் சாக்கை எரித்துவிடுங்கள். துணியானால் கொதிநீரில் அலசி வெயிலில் போடுங்கள்.
• சுவர், தரை வெடிப்புகளைச் சிமெண்டால் பூசி, சுண்ணாம்பு அடியுங்கள்.
• கொட்டகையைச் சுற்றிப் புல், புதரை வெட்டுங்கள்.
• காது, கழுத்துப்பட்டையின் அடி, விரலிடுக்கு, மாட்டின் மடி, குதிரையின் பிடரி, வாலடி ஆகிய இடங்களைத் தினமும் தடவிப் பாருங்கள்.

உண்ணியை எடுக்கும்போது கையுறை போட்டு, இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுங்கள். மண்ணெண்ணெய் ஊற்றுவது, நெருப்பு வைப்பது, விரலால் நசுக்குவது எதுவும் வேண்டாம். எடுத்ததை ஸ்பிரிட்டில் போட்டுக் கொன்று, கடிவாயையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

மகனை இரண்டு வாரம் கவனியுங்கள். காய்ச்சல், கடும் தலைவலி, உடம்பில் தடிப்பு, கடித்த இடத்தில் கருகிய பொருக்கு இவற்றில் எது வந்தாலும் உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போய், உண்ணி கடித்ததை நீங்களாகவே முதலில் சொல்லுங்கள். நாம் 'உண்ணிக் காய்ச்சல்' என்று சொல்லும் ஸ்க்ரப் டைபஸ், புதரில் இருக்கும் மிகச் சிறிய சிலந்திப்பேன் வகையின் இளம் பருவம் கடிப்பதால் வருவது. அது கடித்ததே தெரியாது. அதிலும் அதே கருகிய பொருக்கு வரும். இந்தக் காய்ச்சல்கள் சீக்கிரம் கண்டுபிடித்தால் மாத்திரையிலேயே குணமாகும். தாமதித்தால் உயிருக்கு ஆபத்து.

நாய் சாப்பிடாமல் சோர்ந்தாலும், ஈறு வெளுத்தாலும், மாடு ரத்த நிறத்தில் சிறுநீர் கழித்தாலும் அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

மிச்சமுள்ள பருத்தி மருந்தை அதன் சொந்த டப்பாவிலேயே, குழந்தைகளுக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள்.